டென் ஹாக்கிற்குப் பிறகு யார்? மான்செஸ்டர் யுனைடெட்டின் அடுத்த மேலாளர்

செந்திடல் | 28 அக்டோபர் 2024

மேலாளர் எரிக் டென் ஹாக்கை நம் கால்பந்துக் கழகம் இன்று பதவியிலிருந்து நீக்கிவிட்டது. நேற்று வெஸ்ட் ஹாமிடம் 2-1 என்று தோற்றதோடு எல்லாம் முடிந்தது. பிரீமியர் லீக்கில் ஒன்பது ஆட்டங்கள்: மூன்று வெற்றி, இரண்டு சமன், நான்கு தோல்வி. 11 புள்ளிகளோடு பதினான்காம் இடம். அடித்த கோல்கள் எட்டே எட்டு. ரூட் வான் நிஸ்டல்ரோய் தற்காலிகமாகப் பொறுப்பேற்கிறார்.

நேற்றைய ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். முதல் பாதியில் மட்டும் எத்தனை வாய்ப்புகள்! கோல்கீப்பரையும் தாண்டிப் போய், ஆளில்லாத வலைக்கு முன்னால் டாலோ பந்தை மேலே தூக்கி அடித்தபோதே வயிற்றைக் கலக்கிவிட்டது. கடைசியில் வெஸ்ட் ஹாமின் போவன் அடித்த பெனால்டி. அதைப் பெனால்டி என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரே ஒரு பெனால்டிக்காக எந்த மேலாளரும் வேலை இழப்பதில்லை.

அடுத்து யார்? வெறும் பெயரை எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஏன் அவர், இப்போது நம்மிடம் இருக்கும் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஆடவைப்பார் என்று எழுதுங்கள்.

கடைசி நிமிடம் | 28 அக்டோபர்

ரூட். வேறு யாரும் வேண்டாம். 219 ஆட்டங்களில் 150 கோல்கள் அடித்தவர். இந்தக் கழகம் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். பி.எஸ்.வி. ஐண்ட்ஹோவன் அணியின் மேலாளராக டச்சுக் கோப்பையும் வென்றிருக்கிறார். இந்தப் பருவம் முடியும்வரை அவரிடமே விட்டுவிடலாம். கோடைக்காலத்தில் நிதானமாக ஆள் தேடலாம்.

ஏழாம் எண் சட்டை | 28 அக்டோபர்

ரூபன் அமோரிம். மாலையிலிருந்தே அவர் பெயர்தான் எல்லா இடத்திலும் அடிபடுகிறது. எனக்கு இதில் ஒரு தயக்கமும் இல்லை.

அவர் போர்ச்சுகலின் ஸ்போர்டிங் கழகத்துக்கு வந்தது 2020 மார்ச்சில். அப்போது அந்தக் கழகம் லீக் பட்டத்தைத் தொட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த பருவத்திலேயே, ஒரே ஒரு லீக் தோல்வியோடு வென்று காட்டினார். 2023-24இல் மறுபடியும் வென்றார். வயது 39. பென்ஃபிகா, போர்ட்டோ இரண்டும் ஸ்போர்டிங்கைவிடப் பணத்தில் பெரியவை. அவர்களுக்கு நடுவில் நின்று செய்தார். இளம் ஆட்டக்காரர்களை நம்பி இறக்குகிறார். நுனோ மென்டெஸ் இன்று எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அவரை வளர்த்தெடுத்த மைதானம் எது என்றும் பாருங்கள்.

பெரிய பெயர்களைக் கொண்டுவந்து பார்த்தாகிவிட்டது. வான் கால், மொரின்யோ. வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவரை, அவருடைய சிறந்த ஆண்டுகள் இன்னும் முன்னால் இருக்கும்போது கொண்டுவருவது இந்தக் கழகம் இதுவரை செய்யாத காரியம்.

இடதுபுறப் புல் | 28 அக்டோபர்

அமோரிம் நல்ல மேலாளர். அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் அணிக்கு, இந்த நவம்பரில், அவர் சரியான ஆள் அல்ல. காரணத்தைச் சொல்கிறேன்.

அவர் ஆடுவது மூன்று மையத் தடுப்பாளர்கள், ஓரங்களில் தடுக்கவும் தாக்கவும் ஓடும் இரண்டு விங் பேக்குகள், நடுவில் இருவர், முன்னால் ஒரு தாக்குதல்காரர், அவருக்குப் பின்னால் உள்பக்கமாக இருவர். ஸ்போர்டிங்கில் இதை அவர் மாற்றியதே இல்லை. இப்போது நம் பெயர்ப்பட்டியலை எடுத்து எழுதிப் பாருங்கள். இடது விங் பேக் யார்? லூக் ஷா பிப்ரவரிக்குப் பிறகு நமக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மலாசியா சென்ற பருவம் முழுவதையும் காயத்திலேயே கழித்தார். வலதுகால்காரரான டாலோதான் இடதுபுறம் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் பந்தை உள்பக்கம் திருப்பித் திருப்பி எடுத்துவரும்போது அந்தப் பக்கத்துத் தாக்குதலே நின்று போகிறது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், கோட்டை ஒட்டி ஓடும் ஆட்டக்காரர்கள். ரஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, ஆண்டனி. அந்த அமைப்பில் இவர்களுக்கு இடமே கிடையாது. உள்பக்கம் ஆட புரூனோ இருக்கிறார், அமாட் இருக்கிறார், மவுண்ட் உடல்நலத்தோடு இருந்தால் அவரும் இருக்கிறார். மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? ஏறத்தாழ 60 கோடி பவுண்டு செலவழித்துச் சேர்த்த அணி இது. நான்கு தடுப்பாளர்களை வைத்து ஆடுவதற்காகச் சேர்த்த அணி. அதை நவம்பரில் எடுத்து வேறு அச்சில் வார்க்கப் போகிறோமா?

என் விருப்பம் இப்ஸ்விச் அணியின் மேலாளர் கீரன் மெக்கென்னா. அந்த அணியை மூன்றாம் நிலை லீக்கிலிருந்து இரண்டே ஆண்டுகளில் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தவர். மொரின்யோ காலத்திலும் சோல்ஷார் காலத்திலும் நம் பயிற்சி மைதானத்தில் வேலை செய்தவர். வயது 38. கையில் இருப்பவர்களுக்கு ஏற்ப அமைப்பை வகுக்கிறார். அமைப்புக்காக ஆட்டக்காரர்களை வளைப்பதில்லை.

ஏழாம் எண் சட்டை | 28 அக்டோபர்

நண்பரே, மெக்கென்னா இந்தப் பருவத்தில் இன்னும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஒன்பது ஆட்டங்களில் நான்கு புள்ளிகள். அவரையா கேட்கிறீர்கள்?

இடதுபுறப் புல் | 28 அக்டோபர்

ஆமாம், அவரைத்தான். அவருடைய ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் நிலையில் ஆடியவர்கள் என்று பாருங்கள். பிரென்ட்ஃபோர்ட் மைதானத்தில் 4-3 என்று தோற்ற ஆட்டத்தையும் பாருங்கள். பந்தை எடுத்துக்கொண்டு எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்த்தபிறகு சொல்லுங்கள்.

மழைநாள் ஆட்டம் | 28 அக்டோபர்

எல்லோரும் அடுத்தவர் பெயருக்குத் தாவிவிட்டீர்கள். போனவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டு நான் என் கருத்துக்கு வருகிறேன்.

ஆறு ஆண்டுகள் வறண்டு கிடந்த கழகத்துக்கு 2023இல் லீக் கோப்பையைக் கொண்டுவந்தவர் டென் ஹாக். இந்த மே 25ஆம் தேதி, வெம்ப்ளியில், மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் கொடுத்தார். கர்னாச்சோவும் மைனூவும் அடித்த அந்த இரண்டு கோல்களை நான் இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இருவருமே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களை நம்பிக் களத்தில் இறக்கியது யார்?

குறைகளும் எனக்குத் தெரியும். சென்ற பருவத்தில் எட்டாம் இடம், பிரீமியர் லீக் காலத்தில் இந்தக் கழகத்தின் மிகக் கீழான முடிவு. அடித்ததைவிட வாங்கியது அதிகம். லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 7-0 தோல்வி. இவற்றை மறைக்கவில்லை. ஆனால் கோடைக்காலத்தில் கழக நிர்வாகம் என்ன செய்தது? வாரக்கணக்கில் ஆராய்ந்தது. வேறு ஆட்களிடம் பேசிப் பார்த்தது. பிறகு அவரையே வைத்துக்கொண்டு, ஜூலையில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டியது. நம்பிக்கை இல்லை என்றால் மே மாதமே அனுப்பியிருக்க வேண்டும். நம்பிக்கை இருந்தால் ஒன்பது ஆட்டங்களில் அது எங்கே போனது? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அந்தக் கோடையில்தான் மேலாளர் டூஹெல் வேலையின்றி இருந்தார். இப்போது அவர் இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார்.

எண்கணக்கு | 28 அக்டோபர்

மழைநாள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழகத்தின் சென்ற நிதியாண்டு இழப்பு 11.32 கோடி பவுண்டு. கோடையில் சுமார் 250 பணியாளர்களை வேலையிலிருந்து குறைக்க முடிவெடுத்தார்கள். இந்த மாதம் முன்னாள் மேலாளர் சர் அலெக்ஸ் ஃபெர்குசனின் தூதர் பொறுப்புக்கான ஊதியத்தையும் நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. அதே கழகம் ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டி, அக்டோபரில் ஆளை அனுப்பி, மீதி ஒப்பந்தத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதற்குமேல் அடுத்தவரை விடுவிக்கவும் பணம் கொடுக்க வேண்டும். உணவறையிலும் அலுவலகத்திலும் வேலை செய்தவர்களிடம் சிக்கனம் பேசியவர்கள் இந்தக் கணக்கை எப்படி எழுதினார்கள் என்று எனக்குக் கோபம் வருகிறது.

பழைய தூண் | 29 அக்டோபர்

தாமதமாக வருகிறேன். தம்பிகள் எழுதியதை எல்லாம் படித்தேன். இங்கே பலர் ஃபெர்குசன் ஓய்வுபெற்ற 2013க்குப் பிறகு பார்க்கத் தொடங்கியவர்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இந்தக் கழகத்துக்குப் புதிய நோய் அல்ல. 1969இல் மாட் பஸ்பி விலகினார். ஓராண்டுக்கு முன்புதான் ஐரோப்பியக் கோப்பை வென்றிருந்த அணி. அவருக்குப் பின் வந்த வில்ஃப் மெக்கின்னஸுக்கு வயது 31. நேற்றுவரை பஸ்பியின் கீழ் வேலை செய்தவர், இன்று சார்ல்டன், லா, பெஸ்ட் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு மேலாளர். குருவி தலையில் பனங்காய். 1970 டிசம்பரில் அவரை இறக்கிவிட்டு பஸ்பியையே திரும்ப அழைத்தார்கள். அடுத்து ஃபிராங்க் ஓஃபாரல், பதினெட்டு மாதம்தான் நின்றார். அடுத்து டாமி டோகர்ட்டி. 1974இல் இரண்டாம் நிலைக்கு இறங்கினோம். ஐரோப்பியக் கோப்பை வென்று ஆறே ஆண்டுகள்!

பிறகு செக்ஸ்டன், அட்கின்சன். 1986 நவம்பர் 6 அன்று ஃபெர்குசன் வந்தபோது அணி 22இல் 21ஆம் இடத்தில் இருந்தது. முதல் ஆட்டமே ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 தோல்வி. அந்தப் பருவம் பதினொன்றாம் இடம். அடுத்தது இரண்டாம் இடம். அதற்கடுத்தது மறுபடியும் பதினொன்று. அதற்கடுத்தது பதிமூன்று! 1989 செப்டம்பரில் சிட்டியிடம் 5-1. 1990இல் எஃப்.ஏ. கோப்பை. லீக் பட்டம் 1993இல்தான். 26 ஆண்டுக் காத்திருப்பு.

இதை எழுதினால் உடனே யாராவது, “பொறுமையாக இருந்தால் எல்லோரும் ஃபெர்குசன் ஆகிவிடுவார்களா?” என்று கேட்பீர்கள். ஆக மாட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த நான்கு ஆண்டுகளில் ஃபெர்குசன் முதல் அணியோடு மட்டும் மாரடிக்கவில்லை. இளையோர் அணியைத் திரட்டினார், திறமையான பையன்களைத் தேடிப் பிடிக்கும் ஆட்களை மாற்றினார், குடித்துத் திரிந்தவர்களை வெளியே அனுப்பினார். அதையெல்லாம் செய்ய அன்று ஒரே மனிதருக்கு அதிகாரம் இருந்தது. இன்று எந்தப் பெரிய கழகத்திலும் மேலாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதைக் கையில் வைத்திருப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். தலைமை நிர்வாகி பெர்ராடா, விளையாட்டு இயக்குநர் ஆஷ்வொர்த், தொழில்நுட்ப இயக்குநர் வில்காக்ஸ். ஆகவே அடுத்த மேலாளர் யார் என்பதற்கு முன்னால், இந்த மூவரும் எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தால் பெயர் தானாக வரும்.

ஏழாம் எண் சட்டை | 29 அக்டோபர்

பழைய தூண் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 1986இல் 21ஆம் இடம் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்தே கேட்கிறேன். 2022-23இல் ஸ்போர்டிங் நான்காம் இடத்துக்கு இறங்கியது. சாம்பியன்ஸ் லீக் இடம் போனது. அமோரிமை அவர்கள் நீக்கவில்லை. அடுத்த பருவத்தில் பட்டம் வென்றார். பொறுமைக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் இது போதாதா? அந்தக் கழகம் மேலாளருக்கு ஏற்ற ஆளாகத் தேடித் தேடிக் கொடுத்தது. கோவென்ட்ரியில் இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த தாக்குதல்காரர் யோகெரெஸைக் கொண்டுவந்தார்கள். முதல் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 43 கோல்கள்.

இடதுபுறப் புல் | 29 அக்டோபர்

அந்த யோகெரெஸ் அமோரிமோடு பெட்டியில் வரப் போவதில்லையே. நம்மிடம் இருப்பவர்கள் ஹொய்லுண்டும் ஸிர்க்ஸியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

எண்கணக்கு | 29 அக்டோபர்

புதிய செய்தி. ஸ்போர்டிங் கழகம் போர்ச்சுகல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்புக்கு முறையாகத் தெரிவித்துவிட்டது: யுனைடெட் அமோரிமைக் கேட்டிருக்கிறது, ஒப்பந்தத்தில் குறித்த ஒரு கோடி யூரோவைத் தரவும் தயாராக இருக்கிறது. இனி இது வதந்தி அல்ல.

கடைசி நிமிடம் | 29 அக்டோபர்

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்ளா? வேறு ஒருவரோடாவது உட்கார்ந்து பேசினார்களா? பிரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃபிராங்க், சாவி, சவுத்கேட், பாட்டர் என்று எத்தனை பெயர்கள் ஓடின.

மழைநாள் ஆட்டம் | 29 அக்டோபர்

அந்தப் பட்டியலில் சிலரைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சவுத்கேட் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தை இரண்டு யூரோ கோப்பை இறுதி ஆட்டங்களுக்குக் கொண்டுபோனதை மதிக்கிறேன். ஆனால் கழக அணியை அவர் கடைசியாக நடத்திப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. சாவி பார்சிலோனாவோடு லீக் பட்டம் வென்றவர். அங்கே சிறுவயதிலிருந்து ஒரே பாடத்தைப் படித்து வந்த பிள்ளைகள் கையில் இருந்தார்கள். இங்கே அது இல்லை.

தாமஸ் ஃபிராங்க் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசவில்லை. எதிரணி யார் என்பதைப் பொறுத்து மூன்று தடுப்பாளர்களோடும் ஆடுகிறார், நான்கு பேரோடும் ஆடுகிறார். ஐவன் டோனியை விற்ற பிறகும் கோல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இடதுபுறப் புல் சொன்ன பொருத்தப் பிரச்சினைக்கு விடை மெக்கென்னா அல்ல, ஃபிராங்க்தான் என்று நினைக்கிறேன். பிரீமியர் லீக்கில் மூன்று பருவங்கள் தாக்குப்பிடித்துக் காட்டியவர்.

இடதுபுறப் புல் | 29 அக்டோபர்

ஃபிராங்க் வந்தால் நான் மறுக்க மாட்டேன். நீங்கள் சொன்னது நியாயம்.

செந்திடல் | 29 அக்டோபர்

நானும் என் கருத்தைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

2013க்குப் பிறகு நிரந்தர மேலாளர்கள் ஐவர். மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக். இந்த ஐவரின் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவருக்கு நேர் எதிர். பந்தை வைத்துக்கொண்டே இருந்த வான் காலுக்குப் பிறகு பந்தை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும் மொரின்யோ. எல்லோரையும் சீண்டிய மொரின்யோவுக்குப் பிறகு எல்லோரையும் அரவணைத்த சோல்ஷார். அன்பு போதாது, ஒழுங்கு வேண்டும் என்று டென் ஹாக். முன்னவரிடம் நமக்குப் பிடிக்காமல் போன குணம் எதுவோ, அது இல்லாத ஒருவரைத் தேடியே ஒவ்வொரு முறையும் ஆள் எடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நாலைந்து பேரை வாங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர் அவர்களை விற்க முடியாமல் தவித்தார். டி மரியாவைப் பிரிட்டிஷ் சாதனைத் தொகைக்கு வாங்கி ஓராண்டில் விற்றோம். டென் ஹாக் காலத்தில் அயாக்ஸில் அவருக்குப் பழக்கமானவர்களாக வந்தார்கள்: ஆண்டனி, மார்ட்டினெஸ், ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி. இவர்களில் சிலர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் இவர்கள் ஒரு மனிதரின் விருப்பத்துக்காக வாங்கப்பட்டவர்கள். அந்த மனிதர் இன்று இல்லை.

2022இல், அப்போது தற்காலிக மேலாளராக இருந்த ராங்னிக் இதைத்தான் சொன்னார். மேல்பூச்சு வேலை போதாது, திறந்த இதய அறுவை சிகிச்சையே வேண்டும் என்றார். நாம் அவரைத் தற்காலிகமாக வந்து போனவர் என்று ஒதுக்கிவிட்டோம்.

அதனால் என் விடை: அமோரிம் வரட்டும். ஆனால் ஆட்களை வாங்குவது அவர் கையில் இருக்கக் கூடாது. ஜனவரியில் அவர் கேட்கும் ஆளை வாங்கினால், அவர் போன பிறகும் அந்த ஆள் கழகத்துக்குப் பயன்படுவாரா என்று ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பழைய தூண் | 29 அக்டோபர்

இந்த இழையில் நான் படித்ததிலேயே சரியான பதிவு இதுதான், செந்திடல். ஒன்று மட்டும் உறுத்துகிறது. மூன்று தடுப்பாளர்கள், விங் பேக்குகள் என்று ஆடுபவரைக் கூட்டிவந்துவிட்டு, “உங்களுக்காக ஆள் வாங்க மாட்டோம்” என்று எப்படிச் சொல்வது? அவரை எடுக்கிற முடிவே அந்த அமைப்பை எடுக்கிற முடிவுதான். இரண்டையும் பிரிக்க முடியாது. வாங்கினால் முழுதாக வாங்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு இதுதான் எங்கள் ஆட்டம் என்று இளையோர் அணிவரை அதே அமைப்பைக் கொண்டுபோக வேண்டும். பாதியில் நிறுத்தினால் கோடிக்கணக்கில் இன்னொரு குவியல் மிஞ்சும்.

செந்திடல் | 29 அக்டோபர்

நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியதில் இருந்த முரண் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கடைசி நிமிடம் | 30 அக்டோபர்

5-2! லெஸ்டரை ஐந்து கோல்களால் அடித்தார்கள்! ஒன்பது லீக் ஆட்டங்களில் எட்டு கோல்கள் அடித்த அணி, ஒரே இரவில் ஐந்து. கசெமிரோ இரண்டு, புரூனோ இரண்டு, கர்னாச்சோ ஒன்று. கசெமிரோ தூரத்திலிருந்து அடித்த முதல் கோலைப் பார்த்தீர்களா? ரூட் பெயரை மைதானமே பாடியது. இதைப் பார்த்த பிறகும் அவரை ஓரம் கட்டப் போகிறீர்களா?

எண்கணக்கு | 30 அக்டோபர்

மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் 2018-19ஐ நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் தற்காலிகமாக வந்த சோல்ஷார் 19 ஆட்டங்களில் 14ஐ வென்றார். பாரிஸில் 90 நிமிடம் தாண்டிய இழப்பு நேரத்தில் ரஷ்ஃபோர்ட் அடித்த பெனால்டியோடு சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குப் போனோம். மார்ச் 28 அன்று நிரந்தர ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதன்பின் அந்தப் பருவத்தில் எவர்ட்டனிடம் 4-0. கடைசி நாளில், ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட கார்டிஃபிடம் நம் மண்ணில் 2-0. கை கட்டவிழ்ந்தவர்கள் சில வாரங்கள் நன்றாக ஓடுவார்கள். அதை வைத்து மூன்று ஆண்டுகளை முடிவு செய்யக் கூடாது.

கடைசி நிமிடம் | 30 அக்டோபர்

சோல்ஷார் அதற்குப் பிறகு மூன்றாம் இடம், இரண்டாம் இடம் என்று முடித்தார். யூரோபா இறுதி ஆட்டத்தில் வில்லாரியலிடம் பெனால்டியில் 11-10 என்று, கடைசியாகக் கோல்கீப்பர் டி கேயா அடித்த பந்து தடுக்கப்பட்டதால் கோப்பை போனது. அவரைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வராது. இந்தச் சட்டையை அணிந்தவர்களைத் தூக்கி எறிவதில் நமக்கு என்ன அவசரம்?

எண்கணக்கு | 30 அக்டோபர்

அந்தப் பகுதியை ஒப்புக்கொள்கிறேன். சோல்ஷாரிடம் நான் கொஞ்சம் கடுமையாக இருந்துவிட்டேன். அவர் விட்டுப்போன அணி, அவர் பொறுப்பேற்ற அணியைவிட மோசம் அல்ல.

மழைநாள் ஆட்டம் | 31 அக்டோபர்

பருவத்தின் நடுவில் ஆள் மாற்றுவதே தவறு என்று முதலில் எழுத நினைத்தேன். தேடிப் பார்த்தபோது மனம் மாறியது. 2022 அக்டோபரில் சாபி அலோன்சோ லெவர்குசனுக்குப் போனபோது அந்த அணி பதினேழாம் இடத்தில் இருந்தது. அடுத்த பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் பட்டம் வென்றது. 2022 நவம்பரில் எமெரி ஆஸ்டன் வில்லாவுக்கு வந்தார். கீழே இறங்கிவிடுமோ என்று அஞ்சிய அணி ஏழாம் இடத்தில் முடித்தது. அலோன்சோவும் மூன்று தடுப்பாளர்கள், விங் பேக்குகள்தான். ஆனால் லெவர்குசன் அவருக்கு கிரிமால்டோவைக் கொண்டுவந்து கொடுத்தது. பென்ஃபிகாவிலிருந்து, மாற்றுத் தொகை இல்லாமல்!

ஆகவே நவம்பரில் வருவது பிரச்சினை அல்ல. இந்தப் பருவம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் பாடம் எடுக்க அவருக்கு அனுமதி இருக்குமா என்பதே என் கவலை. பன்னிரண்டாம் இடத்தில் முடித்தாலும் பரவாயில்லை என்று நாம் சொல்வோமா? நான் சொல்வேன். இந்த இழையில் எல்லோரும் இப்போதே எழுதி வையுங்கள். மார்ச் மாதத்தில் வந்து பார்க்கலாம்.

ஏழாம் எண் சட்டை | 31 அக்டோபர்

எழுதி வைக்கிறேன். பன்னிரண்டாம் இடமானாலும் அமோரிமை நீக்கச் சொல்ல மாட்டேன்.

பழைய தூண் | 31 அக்டோபர்

நானும். 1990இல் பதிமூன்றைப் பார்த்தவன்.

இடதுபுறப் புல் | 31 அக்டோபர்

அவரை எடுக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். இருந்தாலும் நானும் எழுதி வைக்கிறேன். எடுத்த பிறகு பாதியில் அனுப்பினால் இரண்டு தவறு ஆகிவிடும்.

செந்திடல் | 1 நவம்பர்

கழகம் அறிவித்துவிட்டது. ரூபன் அமோரிம். ஒப்பந்தம் 2027 ஜூன் வரை, விரும்பினால் மேலும் ஓராண்டு. நவம்பர் 11 அன்று பொறுப்பேற்கிறார். அதுவரை ரூட் இருப்பார்: செல்சி, பாவோக், மறுபடியும் லெஸ்டர், மூன்றும் ஓல்ட் டிராஃபோர்டில்.

கடைசி நிமிடம் | 1 நவம்பர்

வாழ்த்துகள். மனம் நிறையவில்லை, ஆனாலும் வாழ்த்துகள். ரூட்டை உதவியாளராகவாவது வைத்துக்கொள்ள வேண்டும். அவரைப் போல ஹொய்லுண்டுக்குக் கோல் வாசலில் எங்கே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஏழாம் எண் சட்டை | 1 நவம்பர்

ஊகார்ட்டே ஸ்போர்டிங்கில் அவரிடம் ஆடியவர். நடுவில் அவரும் மைனூவும். யோரோ காயத்திலிருந்து திரும்பினால் பின்னால் டி லிக்ட், மார்ட்டினெஸ், யோரோ. எல்லாமே பொருந்தாது என்பதல்ல, அண்ணா.

இடதுபுறப் புல் | 1 நவம்பர்

நடுவும் பின்னும் பொருந்தும். அதை மறுக்கவில்லை.

ஆட்ட அட்டவணையைப் பார்த்தீர்களா? அமோரிமின் முதல் ஆட்டம் நவம்பர் 24, போர்ட்மன் ரோடு மைதானத்தில், இப்ஸ்விச்சோடு. எதிர்ப்பக்கம் மெக்கென்னா நிற்பார். நான் கேட்டவர் ஒரு பக்கம், நமக்குக் கிடைத்தவர் இன்னொரு பக்கம். அன்று நம் அணி வெல்ல வேண்டும் என்றுதான் கத்துவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் பெயர்ப்பட்டியல் வந்ததும் என் கண் முதலில் போகப்போவது இடது விங் பேக் இடத்துக்குத்தான்.